பாறைக்குள் புதைந்தவன் – 4: மடித்த காகிதத்தில் ஒரு கேள்வி

கடந்த வாரம் தாமஸ் வீலைக் குகைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தோம்.

1658-ஆம் ஆண்டு. மாசசூசெட்ஸ் காலனியில், பாஸ்டனுக்கு வடக்கே சுமார் பத்து மைல் தொலைவில் இருக்கும் லின் என்ற ஊர். சாகஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் இருட்டோடு வந்து நின்ற கப்பல், மறுநாள் இரும்பாலையில் கிடந்த கடிதம், விலங்குகளும் கோடரிகளும் செய்து காட்டில் வைத்தால் அதே இடத்தில் வெள்ளி கிடைக்கும் என்ற வாக்கு, வாக்குப்படியே கிடைத்த வெள்ளி. பிறகு, கரையேறிய நால்வரில் மூவர் பிடிபட்டு இங்கிலாந்தில் தூக்கு மேடை ஏறியது. நான்காவது ஆளான வீல் மட்டும் தப்பி, காட்டுக்குள் இருந்த ஒரு குன்றின் குகையில் பதுங்கிச் செருப்புத் தைத்துப் பிழைத்தது. இவ்வளவையும் பார்த்தோம்.

அதன் பிறகு நிலம் நடுங்கியது. மேலிருந்த பாறை சரிந்து குகையின் வாயை அடைத்துக்கொண்டது.

உள்ளே வீல். ஊரார் நம்பியபடி, அவனோடு கொள்ளைப் பொருளும்.

அன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு டஞ்சன் ராக் என்று பெயர். நிலவறைப் பாறை. உயிரோடு ஒருவன் அடைபட்ட இடம் என்பதால், இருட்டிய பிறகு அங்கே அவன் ஆவி அலைகிறது என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது.

இந்த வாரம் 194 ஆண்டுகளைத் தாண்டப் போகிறோம்.

*

தாண்டுவதற்கு முன் வழியில் இரண்டு பேரைப் பார்த்துவிட வேண்டும். அவர்கள் இல்லாமல் மூன்றாவது ஆள் வந்திருக்க மாட்டார்.

முதலாமவர் மோல் பிட்சர். லின்னில் ஹை ராக் என்ற இன்னொரு பாறைக் குன்றுக்கு அருகே குடியிருந்து குறி சொன்னவர். தேநீர் குடித்து முடித்த கோப்பையின் அடியில் தங்கும் இலைத் துணுக்குகளைப் பார்த்துப் பலன் சொல்வார். கப்பலேறும் மாலுமிகள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்ப மாட்டார்கள்.

டஞ்சன் ராக்கில் புதையல் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டு வந்தவர்களை மட்டும் அவர் விரட்டி அடித்தார் என்று ஊரில் கதை உண்டு. தெரிந்திருந்தால் உங்களிடம் ஏன் சொல்கிறேன், நானே போய் எடுத்துக்கொள்ள மாட்டேனா என்று கேட்டாராம். 1813-ல் அவர் இறந்தார். குறிகாரி கைவிரித்த பிறகும் ஆசை அடங்கவில்லை.

இரண்டாமவர் அலன்சோ லூயிஸ். பள்ளி ஆசிரியர், கவிஞர், ஊரை அளந்து வரைபடம் போட்டவர். 1829-ல் அவர் எழுதிய லின் வரலாறு வெளியானது. அதுவரை அடுப்படியிலும் செருப்புப் பட்டறையிலும் வாய்மொழியாக உலவிய வீலின் கதை, அந்தப் புத்தகத்தில் ஏறியது. நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்கும் அச்சுக்கும் இடையே 171 ஆண்டுகள். ஐந்தாறு தலைமுறை வாய்கள்.

அச்சில் ஏறிய கதைக்குத் தனி பலம் உண்டு. பாட்டி சொன்னால் அது கதை. வரலாறு என்று அட்டை போட்ட புத்தகத்தில் வந்துவிட்டால் அது தகவல். லூயிஸ் நல்ல மனதோடுதான் எழுதினார், ஊரின் நினைவு அழிந்துவிடக் கூடாது என்றுதான் எழுதினார். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள் எல்லோரும் நினைவைக் காப்பாற்றும் எண்ணத்தோடு குன்றேறவில்லை.

1830-களில் சிலர் வெடிமருந்தோடு போனார்கள். அடைபட்ட வாயைத் திறக்கத்தான் வெடித்தார்கள். எஞ்சியிருந்த வாயும் இடிந்து மூடிக்கொண்டது.

குகை இருந்த அடையாளமும் போயிற்று. இனி உள்ளே போக வேண்டுமானால் பாறையை முழுதாகக் குடைந்துதான் போக வேண்டும். எந்தப் பக்கமிருந்து குடைவது, எவ்வளவு ஆழத்துக்கு, எந்தத் திசையில்? அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். அவன் உள்ளே செத்துக் கிடக்கிறான்.

*

நியூ இங்கிலாந்தில் மட்டும் ஏன் மேட்டுக்கு மேடு, தீவுக்குத் தீவு கடற்கொள்ளையர் புதையல் கதை? அதற்கு ஒரு காரணம் நம் கடலில் தொடங்குகிறது.

1698 ஜனவரியில், மலபார்க் கரைக்கு அப்பால், கேப்டன் வில்லியம் கிட் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்ற கப்பலைப் பிடித்தார். பட்டும் பருத்தித் துணியும் சர்க்கரையும் அபினும் ஏற்றி, வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். அந்தக் கொள்ளைக்குப் பிறகு அவர் அமெரிக்கா திரும்பினார். 1699-ல் நியூயார்க்குக்கு அருகே கார்டினர்ஸ் தீவில் பொன்னும் வெள்ளியும் ரத்தினங்களும் துணிகளும் புதைத்துவைத்தார். பாஸ்டனில் கைதானார். ஆளுநர் ஆளனுப்பிப் புதைத்ததையெல்லாம் தோண்டி எடுத்து, ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதிக் கணக்கில் வைத்தார். 1701-ல் லண்டனில் கிட் தூக்கிலிடப்பட்டார்.

கொள்ளையர் புதைத்ததாக உறுதியான ஆவணம் உள்ள பொருள் இது. புதைத்த சில வாரங்களிலேயே எடுக்கப்பட்டும்விட்டது. மக்கள் மனதில் நின்றதோ, புதைத்தார் என்ற முதல் பாதி மட்டும். எடுத்துவிட்டார்கள் என்ற இரண்டாம் பாதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

*

இப்போது 1848.

நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூர். மார்ச் 31-ஆம் தேதி இரவு, ஃபாக்ஸ் குடும்பத்தின் வீட்டில் சுவரில் தட்டும் சத்தம். மேகி, கேட் என்ற இரண்டு சிறுமிகள் கேள்வி கேட்கிறார்கள். சத்தம் எண்ணிக்கையால் பதில் சொல்கிறது. இறந்தவர் ஒருவர் பேசுகிறார் என்று வீட்டார் நம்பினார்கள், பிறகு அக்கம்பக்கம் நம்பியது, சில ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் மேசையைச் சுற்றி மனிதர்கள் கைகோத்து உட்கார்ந்தார்கள்.

இதை நினைத்து இன்று சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் புதைத்திருந்த காலம் அது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1844-ல், மோர்ஸின் தந்தி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தியைக் கொண்டுபோனது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கம்பி வழியே ஓடி, நாற்பது மைலுக்கு அப்பால் தட்டுகிறது. அதை ஏற்றுக்கொண்ட மனதுக்கு, இன்னும் கொஞ்சம் தொலைவிலிருந்து செத்துப்போன மகள் தட்டுகிறாள் என்பது நம்ப முடியாத விஷயமாகப் படவில்லை.

இறந்தவர்கள் பேசுவார்கள் என்றால், தாமஸ் வீலும் பேசுவான்.

இந்த ஒரு கணக்குத்தான் ஹைரம் மார்பிளை லின்னுக்குக் கொண்டுவந்தது.

*

மாசசூசெட்ஸின் உட்பகுதியில் இருக்கும் சார்ல்டன் என்ற ஊர்க்காரர் மார்பிள். ஐம்பதை நெருங்கும் வயது. குடும்பஸ்தர். ஆவிகளோடு பேசுகிறவர்களை அந்தக் காலத்தில் மீடியம் என்றார்கள். அவர்கள் மூலம் தனக்கு ஒரு செய்தி வந்ததாக அவர் நம்பினார். டஞ்சன் ராக்குக்குப் போ, தோண்டு என்பது செய்தி.

1852-ல் கையில் சுமார் 1500 டாலரோடு வந்தார். குன்றையும் அதைச் சுற்றி ஐந்து ஏக்கரையும் விலைக்கு வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதுவரை புதையல் தேடி வந்தவர்கள் எல்லோரும் இரவில் வந்தார்கள், வெடித்தார்கள், போனார்கள். மார்பிள் பகலில் வந்து, பத்திரம் எழுதி, பாறையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அங்கேயே வீடு கட்டினார். குடும்பத்தை வரவழைத்தார். தோட்டம் போட்டார். வாழ்க்கையையே அந்தக் குன்றின் மேல் தூக்கி வைத்துவிட்டார்.

பணத்தாசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவரே சொல்லிவந்த காரணம் வேறு. இறந்தவர்கள் காட்டிய இடத்தில், இறந்தவர்கள் காட்டியபடி, ஒரு பெட்டி கிடைத்துவிட்டால் போதும். அதன் பிறகு ஆவியுலகம் இல்லை என்று உலகத்தில் யாராலும் வாய் திறக்க முடியாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்கு வேண்டியிருந்தது சான்று.

அவர் ஒருவர்தான் அப்படி என்று எண்ண வேண்டாம். மோல் பிட்சர் குறி சொன்ன அதே ஹை ராக்கின் மேல், 1853-ல், ஜான் மரே ஸ்பியர் என்ற பாதிரியார் செம்பும் துத்தநாகமும் காந்தமும் வைத்து ஓர் இயந்திரம் கட்டினார். எப்படிக் கட்டுவது என்று ஆவிகள் சொன்னதாகவும், அது உயிர் பெற்று உலகத்துக்குப் புதிய ஆற்றலைத் தரும் என்றும் அறிவித்தார். ஒரே ஊர், ஒரே காலம். ஒரு குன்றில் இயந்திரத்துக்கு உயிர் வரக் காத்திருந்தார்கள். இன்னொரு குன்றில் சம்மட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

*

கிணற்றுக்குப் பாறை உடைக்கிறவர்களைப் பார்த்திருந்தால் மார்பிளின் வேலை புரியும்.

ஒருவர் எஃகுத் துளையுளியைப் பாறையில் ஊன்றிப் பிடிப்பார். மற்றவர் சம்மட்டியை ஓங்கி அதன் தலையில் இறக்குவார். ஒவ்வோர் அடிக்கும் நடுவே, பிடித்திருப்பவர் உளியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் உளி சிக்கிக்கொள்ளும். சம்மட்டிக்காரர் குறி தப்பினால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு போய்விடும். துளைக்குள் சேரும் கல்மாவை நீண்ட கம்பிக்கரண்டியால் வழித்து வழித்து வெளியே எடுக்க வேண்டும்.

துளை போதிய ஆழம் போனதும் கருமருந்தைக் கொட்டி, திரியைச் செருகி, களிமண்ணால் கெட்டித்து அடைப்பார்கள். நம் ஊரில் தமர் போட்டு வெடி வைப்பது என்பார்களே, அதுதான். கிணற்றில் வெடி வைத்தால் மேலே ஏறிக்கொள்ளலாம், புகை வானத்துக்குப் போய்விடும். சுரங்கத்துக்கு ஒரே ஒரு வாய். புகை உள்ளேயே சுருண்டு நிற்கும். அது வெளியேறும்வரை காத்திருந்து, மெழுகுவத்தியோடு குனிந்து போய்ப் பார்த்தால், சிதறியது சில சமயம் ஒரு கூடைக் கல்லாகத்தான் இருக்கும்.

பாறையோ சாதாரணப் பாறை இல்லை. பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. உளியின் முனை மழுங்கும். அதைக் காய்ச்சி அடித்துத் தீட்ட வேண்டும். மறுபடி உளி, மறுபடி சம்மட்டி. ஒரு மாதம் பாடுபட்டு ஓரடி முன்னேறினால் நல்ல மாதம்.

டைனமைட் இருந்திருந்தால் வேலை வேறு வேகத்தில் போயிருக்கும். ஆல்ஃபிரட் நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1867-ல். அப்போது மார்பிளுக்கு ஆயுளில் ஓராண்டுதான் மிச்சமிருந்தது.

வெட்டிய கல்லை வெளியே கொண்டுவந்து சரிவில் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது ஒரு மேடானது. குன்றுக்கு முன்னால் இன்றும் கிடக்கும் அந்தக் கற்குவியல் முழுவதும் இரண்டு ஜோடிக் கைகள் வழியாக வந்தது. ஹைரம் மார்பிளின் கைகள், அவர் மகன் எட்வினின் கைகள்.

*

திசை எப்படித் தெரிந்தது?

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என் மனதை விட்டு நீங்காத காட்சி இதுதான்.

மார்பிள் தனியாக ஓர் அறைக்குள் போவார். ஒரு தாளில் தன் கேள்வியை எழுதுவார். இந்தப் பக்கமே போகலாமா, வலப்புறம் திரும்பட்டுமா, இன்னும் எத்தனை அடி. எழுதியதை மடிப்பார். மறுபடி மடிப்பார். எழுத்தின் நிழல்கூட வெளியே தெரியாதபடி, தாள் தடித்துக் கட்டையாகும்வரை மடித்துக்கொண்டே போவார். அதை மீடியத்திடம் தருவார். மீடியம் தாளைப் பிரிக்காமலே, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பதிலை எழுதுவார்.

பதில் தாமஸ் வீலின் பெயரால் வரும். சில சமயம் அந்தக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் என்று சொல்லப்பட்ட கேப்டன் ஹாரிஸின் பெயரால் வரும்.

அத்தனை மடிப்பு எதற்கு? கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் காகிதத்தை அப்படி மடிக்கமாட்டார். கேள்வியை வாய்விட்டே கேட்டிருப்பார். மடித்தவர் சோதித்தார். தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற கவனம் அவருக்கு இருந்தது. ஒரு நல்ல நீதிபதி சாட்சியை விசாரிப்பதுபோல ஆவிகளை விசாரித்துக்கொண்டிருந்தார். கேள்வியை மறைத்துவைத்த அந்தக் கவனத்தில் பாதியைப் பதிலின் மேல் செலுத்தியிருந்தால் இந்தத் தொடரே இருந்திருக்காது.

ஏனென்றால் பதில்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் வந்தன. பொறுமையாக இரு. சரியான வழியில்தான் போகிறாய். நாங்கள் உன்னோடு இருக்கிறோம். பிறகு ஒரு நாள், திரும்பு.

சுரங்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் போனது. மறுபடி திரும்பியது.

அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். திறந்திருக்கும் நாளில் கைவிளக்கோடு உள்ளே இறங்கலாம். வெளியே கோடை கொளுத்தினாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். கூரையிலிருந்து நீர் சொட்டும், காலடி வழுக்கும். ஒரு மனிதர் நிமிர்ந்து நடக்கும் உயரம். நூறடிக்கு மேல் நீளும் அந்த வழி நேராகப் போவதில்லை. கீழே இறங்குகிறது, வளைகிறது, பின்னும் வளைகிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு பதில். மடித்த தாளில் வந்த ஒவ்வொரு சொல்லையும் மார்பிள் பாறையில் எழுதி வைத்திருக்கிறார்.

வீலைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் செவிவழி வந்தது. மார்பிளைப் பற்றியது கல்லில் இருக்கிறது. கை வைத்துத் தடவிப் பார்க்கலாம்.

*

1500 டாலர் கரைந்தது. மருந்து வாங்க வேண்டும், எஃகு வாங்க வேண்டும், வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.

மார்பிள் சுரங்கத்தைப் பார்வைக்குத் திறந்துவிட்டார். ஆளுக்கு 25 சென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டனிலிருந்துகூட ஜனங்கள் வந்தார்கள். அவரே விளக்கோடு முன்னால் நடந்து, வீலின் கதையைச் சொல்லி, வெட்டிய வரைக்கும் காட்டினார். ஒரு டாலர் தந்தவருக்குப் புதையலில் பங்கு உண்டு என்று பத்திரமும் எழுதிக் கொடுத்தார்.

வந்தவர்கள் பலரும் அவரைப் பைத்தியம் என்று எண்ணிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வெளியே வரும்போது அந்த எண்ணம் அப்படியே இருந்திருக்காது. பேச்சில் நிதானம், நடத்தையில் மரியாதை, ஒளிவுமறைவு இல்லாத மனிதர். மோசடிக்காரர் 25 சென்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். இவர் அதை வெடிமருந்தாக மாற்றினார்.

கீழே நகரம் வேறு உலகத்தில் இருந்தது. 1860 பிப்ரவரி 22 அன்று லின்னின் செருப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி விழுந்துகொண்டே போனது, இயந்திரம் கைத்தொழிலைத் தின்றுகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் தெருவில் ஊர்வலம் போனார்கள். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்கா கண்ட மிகப்பெரிய வேலைநிறுத்தம் அதுதான். அடுத்த ஆண்டு போரே வந்துவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் மீடியங்களின் கதவைத் தட்டினார்கள். வெள்ளை மாளிகைக்குள்ளேயே, மகன் வில்லியை இழந்த மேரி லிங்கன் ஆவிகளை அழைத்தார்.

குன்றின் உள்ளே அப்பாவும் பிள்ளையும் உளியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

*

1868 நவம்பரில் ஹைரம் மார்பிள் இறந்தார்.

பதினாறு ஆண்டுகள். பெட்டி கிடைக்கவில்லை. காசு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீலின் எலும்பும் கிடைக்கவில்லை. சுரங்கத்தின் கடைசியில் பாறைச் சுவர் அப்படியே நின்றது.

ஊர், இத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கும். முடியவில்லை. வாலிப வயதை அந்தச் சுரங்கத்துக்குள் கழித்த எட்வின் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.

அவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். இதுவரை ஆவியுலகத்திலிருந்து வந்த பதில்களில் இருந்த பெயர்கள் எல்லாம் எட்வின் முகம் பார்த்திராத கொள்ளையர்களின் பெயர்கள். இப்போது அவர் மிக நன்றாக அறிந்த ஒருவரே அங்கே போய்விட்டார். பதினாறு ஆண்டுகள் இங்கிருந்து கேள்வி எழுதியவர், இனி அங்கிருந்து பதில் எழுத வேண்டியவர். தந்தை நம்பியது உண்மையானால், பாறையின் மறுபக்கத்தை அவர் இந்நேரம் பார்த்திருக்க வேண்டும்.

எட்வின் தாளை எடுத்தார்.

இத்தனை வளைவுகளில் எந்த வளைவு தவறு என்று, மகனிடமாவது அந்தத் தந்தை சொல்வாரா?

(தொடரும்)